காப்புப் பருவம் முடியாத குழந்தைகள்

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். முதலாவது காப்பு. மூன்றாம் மாதத்துக் குழந்தையைக் காக்கச் சொல்லித் திருமால் தொடங்கித் தெய்வங்களை வரிசையாகக் கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டுப் புலவர் மேலே போய்விடுகிறார். அப்புறம் குழந்தை செங்கீரை ஆடுகிறது, தாலாட்டுக் கேட்கிறது, கைகொட்டுகிறது, முத்தம் தருகிறது, தளர்நடையிட்டு வருகிறது, விளையாட நிலாவைக் கூப்பிடுகிறது. ஆண்பால் என்றால் மணல்வீட்டைக் காலால் எற்றுகிறது, பறை முழக்குகிறது, தேர் உருட்டுகிறது. பெண்பால் என்றால் அம்மானை ஆடுகிறது, நீராடுகிறது, ஊசலில் ஏறுகிறது. பாட்டுடைத் தலைவர்கள் பெரும்பாலும் கடவுளரும் அரசரும்தான். கூலிக்காரன் பிள்ளைக்கு யாரும் பிள்ளைத்தமிழ் பாடியதில்லை. அது இருக்கட்டும். இந்த வடிவம் ஒன்றை ஒத்துக்கொள்கிறது: காப்பு ஒரு தொடக்கம். அது முடிந்தாக வேண்டும். முடிந்தால்தான் மற்ற ஒன்பதும்.

இன்று பள்ளிகளும் குடும்பங்களும் சுற்றறிக்கைகளும் சேர்ந்து எழுதும் பிள்ளைத்தமிழில் பருவம் ஒன்றே ஒன்றுதான். எல்.கே.ஜி.யில் தொடங்கும் காப்பு பன்னிரண்டாம் வகுப்புவரை முடிவதில்லை. ஓடக்கூடாது, மரத்தில் ஏறக்கூடாது, இடைவேளையில் மைதானத்தில் இறங்கக்கூடாது, வேனில் ஏறினால் வாசலில்தான் இறங்கவேண்டும். தருமபுரி, நாமக்கல் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகளை நம் ஜனங்களே 'பிராய்லர்' என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். காரணம் கேட்டால் மதிப்பெண்ணுக்கு அடுத்து வரும் சொல் 'பாதுகாப்பு'. இந்தச் சொல்லை யாரும் மறுத்துப் பேசமுடியாது. மறுக்கமுடியாத சொல்லைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சொல்லாடலின் இலக்கணத்தைப் பார்ப்போம். 'இங்கே குளிக்கத் தடை செய்யப்பட்டுள்ளது' என்று ஏரிக்கரையில் பலகை நிற்கிறது. செயப்பாட்டு வினை. தடை செய்தது யார்? எழுவாய் இல்லை. எங்கே குளிக்கலாம், நீச்சல் எங்கே பழகலாம்? பதில் இல்லை. பலகையை நட்டதோடு ஏதோ ஒரு அலுவலகத்தின் கடமை முடிந்தது. இனி எவன் செத்தாலும் அவன் மீறியவன். அரூர் வட்டாரத்தில் ஒரு தனியார் பள்ளியின் சுற்றுலாப் படிவத்தைப் பார்த்தேன். பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டிய வாசகம்: அசம்பாவிதம் ஏதும் நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. அந்தத் தாளில் எழுவாயோடு வந்த ஒரே வாக்கியம் இதுதான். அந்த எழுவாயும் பொறுப்பை உதறுவதற்காகவே வந்திருக்கிறது. எந்த ஆசிரியரிடம் பேசினாலும் இதையேதான் பேச்சுத்தமிழில் சொல்வார்: "எதுக்கு சார் வம்பு? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" அவர் அஞ்சுவது குழந்தை விழுவதற்கு மட்டுமல்ல, பதில் சொல்லவேண்டி வருவதற்கும். குறைந்த சம்பளத்தில், வேலை உத்தரவாதம் இல்லாமல் இருக்கிறவர் அப்படி அஞ்சுவதில் தப்பில்லை. ஆனால் விதி யாரைக் காக்கிறது என்பது இதில் தெரிந்துவிடுகிறது.

பயம் காற்றில் வந்ததல்ல என்பார்கள். நியாயம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்து செத்தார்கள். சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ மேல்தளத்துக் கீற்றுக் கூரைக்குத் தாவியது. அதன்பின் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றைப் பிரித்தெறிந்தார்கள். பிரிக்கவேண்டியதுதான். ஆனால் அந்த நிகழ்வு நம் நினைவில் எப்படி உறைந்தது என்று பாருங்கள். குற்றவாளிக் கூண்டில் நின்றது கீற்று. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகளை நடத்தவிட்டது, அத்தனை குழந்தைகளை அடைத்தது, வெளியேறப் போதிய வழி இல்லாதது, இத்தனைக்கும் மேலே அங்கீகாரம் வழங்கியது ஆகிய ஏற்பாடுகள் பின்னுக்குப் போய்விட்டன. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 11 பேரை விடுவித்தது. பத்து ஆண்டு ஆனது. கீற்றுக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. பொருளைத் தடைசெய்வது சுலபம். அந்தப் பொருளைக் கொலைக்கருவி ஆக்கிய உறவுகளைத் தொடுவது சுலபமில்லை. மரம், கிணறு, மைதானம் எல்லாம் நம் பள்ளிகளில் கீற்றின் கதிக்கு வந்தது இந்தத் தர்க்கத்தால்தான்.

விதியே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் அந்த ஆண்டே வந்தன. அந்த விதிகள் உரிமையாளரை, ஓட்டுநரை, வட்டாரப் போக்குவரத்து அலுவலரைப் பார்த்துப் பேசுகின்றன. வண்டியைச் சரிசெய் என்கின்றன. குழந்தையைப் பார்த்து 'நகராதே' என்று சொல்லும் விதி வேறு வகை. முதல் வகை விதி அதிகாரத்தின் மேல் சுமையை ஏற்றுகிறது. இரண்டாம் வகை அதை இறக்கிக் குழந்தையின் உடல்மேல் வைக்கிறது. இரண்டுக்கும் 'பாதுகாப்பு' என்று ஒரே பெயர் வைத்திருப்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது.

இதற்கு எதிராக உடனே எழும் ஏக்கக் குரலும் எனக்கு உவப்பானதில்லை. 'அந்தக் காலத்தில் நாங்க கிணத்துல குதிச்சு வளர்ந்தோம்' என்ற குரல். இதன் வேர் ரொம்பப் பழையது. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தடியூன்றி இருமும் கிழவர், மரக்கிளையிலிருந்து மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளிவந்த இளமையை நினைத்து இரங்குகிறார். நல்ல பாட்டு. ஆனால் நம் ஊர்க் கிணற்றில் யார் குதிக்கலாம், யார் கயிறு போட்டுத் தண்ணீர்கூட இறைக்கக்கூடாது என்பதற்குப் பலகை வைக்காத விதிகள் இருந்தனவே, அதை இந்த ஏக்கம் பேசுவதில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் (2000) ஆடு மேய்க்கும் சக்கிலியச் சிறுவர்களைத் தடுக்க எந்தப் பாதுகாப்பு விதியும் கிடையாது. வெட்டவெளி முழுக்க அவர்களுடையது. ஆனால் அவர்கள் பண்ணையாட்கள். கட்டுப்பாடில்லாத குழந்தைப்பருவம் என்று நாம் கொண்டாடுவதில் பாதி, யாரும் பொருட்படுத்தாத குழந்தைப்பருவம்.

பெண்பிள்ளையின் கதை இன்னும் கசப்பு. நீராடலும் ஊசலும் பிள்ளைத்தமிழில் அவளுக்கே உரியவை. ஊரில் அவளிடமிருந்து முதலில் பிடுங்கப்படுபவையும் அவையே. வயதுக்கு வந்த மறுநாளே விளையாட்டு முடிந்தது. தருமபுரி மாவட்டத்தில் குழந்தைத் திருமணத்துக்குப் பெற்றோர் சொல்லும் காரணம் எது? "காலம் கெட்டுக் கெடக்குது, பாதுகாப்பா ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா நிம்மதி." பள்ளிக்கூடத்தின் பாதுகாப்பும் இந்தப் பாதுகாப்பும் ஒரே சொல்தான். இரண்டிலும் அபாயம் வெளியே இருக்கிறது என்று முன்முடிவு செய்துகொண்டு குழந்தையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கக்கூடாது.

கண்காணிப்பைப் பற்றிப் பேச ஃபூக்கோவை இழுத்துவரலாம். நம் பாட்டியல் நூல்களே போதும். காப்புப் பருவத்துக்கு அவை ஒரு விதி வைக்கின்றன: காக்க அழைக்கப்படும் தெய்வங்களின் கொலைத்தொழிலைப் பாடக்கூடாது. மங்கலத்துக்காகச் சொன்னது. ஆனால் பாதுகாப்பு என்கிற சொல்லாடல் முழுமைக்கும் இதுவே அடிப்படை விதி. காப்பவரின் கொலைத்தொழில் அங்கே மௌனமாக்கப்படுகிறது.

அரூரில் இருப்பவர்களுக்கு இது உவமை இல்லை. சித்தேரி மலைக்கு ஏறும் வழியெல்லாம் 'காப்புக்காடு' என்ற பலகைகள். அதே காப்புதான். 1992 ஜூன் 20 அன்று காட்டைக் காக்கிறோம், சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. ஊர்க்கிணறு பாழாக்கப்பட்டது. பிடித்துச் செல்லப்பட்ட 133 பேரில் 90 பெண்கள், 28 குழந்தைகள். அதே 1992 டிசம்பரில்தான் இந்திய அரசு ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. அதன் 31ஆவது உறுப்பு விளையாடும் உரிமையைச் சொல்கிறது. சிறைக்குப் போய் ஆறு மாதமாகாத வாச்சாத்திக் குழந்தைகளை அந்தக் காகிதம் அறியாது. குழந்தையைக் கிணற்றில் இறங்காதே என்று சொல்லும் அரசும், குழந்தைகள் இருக்கும் ஊரின் கிணற்றைக் கெடுத்த அரசும் ஒன்றே. மலைமேலே கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்கள் பல பத்தாண்டுகள் சாலையில்லாமல் கிடந்தன. காப்புக்காட்டு நிலம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட தடைகளில் ஒன்று. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவந்த இடத்தில் எந்தப் பாதுகாப்பு விதியும் பேசவில்லை.

வாச்சாத்தி மக்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நடத்திய போராட்டம் சாதித்தது என்ன? எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கு எழுவாயைக் கொண்டுவந்தது. 'தாக்கப்பட்டார்கள்' என்பது 'இந்த 269 பேர் தாக்கினார்கள்' என்று ஆனது. 2011 செப்டம்பர் 29 அன்று உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதே தேதியில் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

பள்ளிக்கூடத்துக்கும் இந்த இலக்கணம் வேண்டும். நீச்சல் பழக்குவதை எடுத்துக்கொள்வோம். முதுகில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டி, கயிற்றைக் கரையில் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு நாளும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, ஒருநாள் விட்டுவிடுவது நம் ஊர்முறை. அதுவும் காப்புதான். ஆனால் முடிவை நோக்கிப் போகும் காப்பு. அங்கே கயிற்றைப் பிடித்திருப்பவருக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்பிக்கச் சொல்லித்தான் உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. 'தண்ணீர்ப் பக்கம் போகாதே' என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை விடுமுறை நாளில் ஏரிக்குப் போகத்தான் போகிறது; கையில் எந்த வித்தையும் இல்லாமல் போகிறது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தோழர்கள் அந்தக் கூட்டங்களில் போய் உட்காரலாம். ஒவ்வொரு 'கூடாது'வையும் எடுத்து மூன்று கேள்வி கேட்கலாம். இதை விதித்தவர் யார்? இதனால் காக்கப்படுவது யார்? இந்தக் காப்பு எந்த வயதில் முடியும்? மூன்றாவதற்குப் பதிலில்லாத விதியைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் கயிறு பிடிக்க ஒரு ஆளைக் கேட்கவேண்டும். சம்பளம் கொடுத்து, பெயர் போட்டு.