பாத்திரமா, பாத்தியதையா?

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுரபுன்னைக் காடு சூழ்ந்த பிச்சாவரம் பகுதியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். விடியுமுன் தந்தை படகேறிவிடுவார். தாய் நண்டு தேடிச் சேற்றில் இறங்கிவிடுவாள். அத்தகைய வீட்டுப் பிள்ளைகளிடம் மணிமேகலையின் கதையைச் சொன்னேன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி! கண்கள் அகன்றன. ஒரு சிறுவன் கேட்டான்: "அந்தப் பாத்திரம் இப்போது எங்கே இருக்கிறது, சார்?"

விடை தேடிச் சாத்தனாரின் காப்பியத்தை மீண்டும் படித்தேன்.

பசியைப் பிணி என்று கண்ட புலவர் அவர். அதற்காகத் தலை வணங்குவோம். ஆனால், பிணிக்கு அவர் கூறும் காரணம் என்ன? காயசண்டிகையை வாட்டிய யானைத்தீ, முனிவன் இட்ட சாபமாம்! மருந்து என்ன? தெய்வம் தந்த பாத்திரமாம்! சாபத்தால் வந்த பசி அற்புதத்தால் தீர்கிறது. விளைந்த நெல் யாரிடம் குவிந்தது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

ஆபுத்திரனைப் பாருங்கள். மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, ஊட்டுதற்கு ஆளில்லையே என்று உண்ணாது உயிர் நீத்தான். பாத்திரம் பொய்கைக்குள் போயிற்று. கொடுப்பவன் மறைந்தால் கொடையும் மறையும் — அற்புதத்தின் அளவு அவ்வளவே!

ஆயினும் அதே காப்பியத்தில் இன்னோர் இடம் உண்டு. புகார் நகரச் சிறையில் வாடியோருக்கு உணவூட்டிய மணிமேகலை, என்ன வேண்டும் என்று மன்னன் கேட்டபோது பொன் கேட்டாளில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்றாள். காப்பியத்தின் உச்சம் அதுவே என்பேன். இரக்கம் ஆணையாக மாறியது அங்கேதான்!

நம் மாவட்டத்து வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி கேளாது சோறிடுகிறது. போற்றுகிறோம். ஆனால், அடுப்பு ஓர் ஊருக்கு, ஆணையோ நாட்டுக்கு.

1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிட்டது. செலவை அன்றைய அரசு ஏற்க மறுக்கவே, 1925இல் அது நின்றது. ஆணை இன்றேல் அடுப்பு அணையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பிறகு 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989இல் கலைஞர் சேர்த்த முட்டை, 2022இல் காலை உணவு. 2001 நவம்பர் 28 அன்று, பள்ளிகளில் சமைத்த உணவு தருமாறு உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனை உரிமையென எழுதிற்று.

எழுதிவிட்டால் போதுமா? ஐந்தாம் வகுப்பு வரை என்று கோடு கிழித்தே காலை உணவு தொடங்கிற்று. பசிக்கு வகுப்பு தெரியுமா? வலை இழுத்துத் தேய்ந்த விரலின் ரேகையை நியாயவிலைக் கடை இயந்திரம் ஏற்க மறுத்தால், அவ்வீட்டு உலையில் என்ன கொதிக்கும்? இவற்றைக் கேளாமல், "அவர் தந்தார், இவர் தந்தார்" என்று கைகூப்பி நிற்போமாயின், நாம் இன்னும் அமுதசுரபியின் முன்தான் நிற்கிறோம்!

அந்தச் சிறுவனுக்கு விடை சொல்லிவிட்டேன்: "பொய்கையில் இல்லை, தம்பி, நம் பள்ளிச் சமையற்கூடத்தில் இருக்கிறது. உன் தாய் தந்தையர் செலுத்தும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. அது பிச்சைப் பாத்திரமன்று, உன் பாத்தியதை!"