பறவையோடு பேசிய மூதாட்டி: திணைப் பாகுபாடும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

1. முன்னுரை

தனித்து வாழும் மூதாட்டி, அவளை நாடிவரும் உயிரினங்கள், அவள் இழந்த அன்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த கதைகள் பல மொழி இலக்கியங்களிலும் காணப்படுகின்றன. தெருப்பூனைகளுக்குச் சோறிடும் கிழவியும், இறந்த காதலன் பூனையுருவில் மீண்டுவந்தான் என நம்பும் கைம்பெண்ணும் சிறுகதை வாசகர்க்குப் புதியவர் அல்லர். இக்கதைகளில் உயிரினத்தோடு கொள்ளும் உறவு பெரும்பாலும் மாயமாகவோ மனத்தளர்ச்சியாகவோ காட்டப்பெறும்.

2010 பிப்ரவரியில் அந்தமானிலிருந்து வந்த இறப்புச் செய்தி ஒன்றும் இக்கதைவடிவிலேயே உலக இதழ்களில் பரவியது. தம் மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா என்னும் மூதாட்டி, பேசத் துணையின்றிப் பறவைகளோடு பேசிவந்தார் என்பது அச்செய்தியின் உயிர்ப்பகுதி. இச்செய்தி வாசிக்கப்பட்ட முறையினையும், அதனைத் தமிழாக்குங்கால் எழும் திணைச் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. போவாவும் போ மொழியும்

பெரிய அந்தமானியர் எனப்படுவோர் முன்னர்ப் பத்து மொழிகளைப் பேசிய குழுவினர். அவற்றுள் வட அந்தமானைச் சார்ந்த மொழிகளுள் ஒன்று போ. அதன் கடைசிப் பேச்சாளரான போவா, ஏறத்தாழ 85 வயதில், 2010 ஜனவரி 26ஆம் நாள் காலமானார். 2005 முதல் அவரோடு பணியாற்றி அவர்தம் பேச்சையும் பாடலையும் பதிவு செய்தவர் மொழியியலறிஞர் அன்விதா அப்பி. அம்முயற்சியின் பயனாக 2012இல் பெரிய அந்தமானிய மொழி அகராதியும், 2013இல் இலக்கணமும், 2021இல் கதை, பாடல் தொகுப்பும் வெளிவந்தன.

பெற்றோர் மறைந்தபின் முப்பது, நாற்பது ஆண்டுகள் போ மொழியில் தம்மோடு உரையாட எவருமின்றிப் போவா வாழ்ந்தார். பிறரோடு பேச அந்தமான் இந்தியைக் கற்றார். ஸ்ட்ரெய்ட் தீவில் அவரைச் சூழ்ந்து வாழ்ந்தோர் பேசியது பல மொழிகள் கலந்த பெரிய அந்தமானியம். ஜேரோவே அதன் அடித்தளம். இந்நிலையில் அவர் பறவைகளோடு தம் மொழியில் பேசுவதை அப்பி கண்டார். பறவைகள் தம் முன்னோர் என்றும், தம் மொழி அவற்றுக்குப் புரியும் என்றும் போவா கருதியதாக அவர் பதிவு செய்துள்ளார்.

இக்கூற்று வந்த வழியும் கருதத்தக்கது. போ மொழியில் நிலைபெற்ற ஒரு கருத்து அந்தமான் இந்தியில் விளக்கப்பட்டு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, இதழ்களில் சுருக்கப்பட்டது. அச்சுருக்கத்தில் 'முன்னோர்' என்னும் சொல் பின்னுக்குத் தள்ளப்பட்டது; 'தனிமை' முன்னிறுத்தப்பட்டது. உறவுமுறை பற்றிய ஒரு கூற்று உளவியல் பற்றிய கூற்றாக மாறிவிட்டது. தனிமை பேசத் தூண்டியிருக்கலாம் என்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் யாரை நோக்கிப் பேசுவது என்பதைத் தீர்மானித்தது அவர்தம் மரபே.

3. 'போல' என்னும் தடை

தமிழ் வாசகர்க்கு இக்காட்சி மிக எளிதில் வயப்படும். கடற்கரை, தனித்த பெண், இரங்கல், பறவை ஆகியவற்றைக் கண்டவுடன் நெய்தல் திணை நினைவுக்கு வருதல் இயல்பு. நாரையையும் குயிலையும் விளித்துப் பேசும் மரபு சங்க அகப்பாடல்களிலும் பக்திப் பாடல்களிலும் தூது இலக்கியங்களிலும் தொடர்ந்து வந்துள்ளது. எனவே போவாவின் பேச்சை நெய்தற் புலம்பலாக மொழிபெயர்க்கும் விழைவு எழும். அவ்விழைவு அழகியது, ஆயினும் பிழையானது.

அதற்குரிய காரணத்தைத் தொல்காப்பியமே தருகின்றது. ஞாயிறு, திங்கள், கடல், விலங்கு, மரம், புள், நெஞ்சு முதலியவற்றை நோக்கிப் பேசுதல் செய்யுளில் அமையும் எனச் செய்யுளியல் கூறும். ஆனால் அவை சொல்வன போலவும் கேட்பன போலவும் கொண்டு பேசப்படும் என்பதே அவ்விதியின் கருத்து. இங்குப் 'போல' என்னும் உவமவுருபு இன்றியமையாதது. புள் கேளாது என்பதைப் புலவனும் அறிவான், தலைவியும் அறிவாள். அவ்வறிவே புலம்பலுக்குத் துயரச் சுவையைத் தருகின்றது.

போவாவின் பேச்சில் இந்தப் 'போல' இல்லை. அவரைப் பொறுத்தவரை பறவை கேட்கின்றது. மொழியும் அதற்குப் புரிகின்றது. தமிழ்த் தலைவியின் துயரம் கேட்பார் இன்மையால் எழுவது. போவாவுக்கோ மனிதருள் கேட்பார் இலரேனும், உறவினருள் கேட்பார் உளர். இவ்விரண்டையும் ஒன்றாக்கும் மொழிபெயர்ப்பு அவர்க்கு எஞ்சியிருந்த உறவையும் பறித்துவிடுகின்றது.

4. கதைகளில் மதிப்புச் சொற்கள்

பறவையை முன்னோராகக் கொள்வது ஒரு முதியவரின் தனிக்கற்பனையன்று என்பதற்குக் கதைமரபே சான்று. அப்பி பதிவு செய்த கதை ஒன்றில், மித்தே என்பவனைப் பெருமீன் ஒன்று விழுங்குகின்றது. அவனை மீட்க உறவினர் முற்படுகின்றனர். முடிவில் அவர்கள் பறவைகளாகின்றனர். இன்றும் ஒரு புறாவினத்துக்கு மித்தே என்பதே பெயர். அப்பெயரைச் சொல்வோர் இனப்பெயரையும் ஒருவருடைய பெயரையும் ஒருசேரச் சொல்கின்றனர்.

இதற்கு நூறாண்டு முந்திய சான்றும் உண்டு. 1906 முதல் 1908 வரை களப்பணி செய்து, 1922இல் அந்தமான் தீவினர் பற்றிய நூலை வெளியிட்ட ராட்கிளிஃப்-பிரவுன், விலங்கு, பறவைப் பெயர்களைத் தாங்கிய முன்னோர் பலரைக் குறிப்பிடுகின்றார். ஒரு கதையில் உடும்பின் பெயருடைய முன்னோன் மரத்தில் சிக்கிக்கொள்ள, மரநாயின் பெயருடையவள் அவனை விடுவித்து மணக்கின்றாள். மக்கள் அவர்கள் வழிவந்தோர். இப்பெயர்களின் முன் ஆணுக்கு 'மாயா', பெண்ணுக்கு 'மிமி' என்னும் மதிப்புச் சொற்கள் வரும். ராட்கிளிஃப்-பிரவுன் இவற்றை ஆங்கிலேயப் பிரபு, சீமாட்டிப் பட்டங்களால் பெயர்த்தார்.

இங்கு மொழிபெயர்ப்பாளர் நோக்கத்தக்கவை மூன்று. முதலாவது, ஆங்கிலப் பட்டங்கள் கதைக்கு நகைச்சுவைச் சாயலைத் தந்துவிடுகின்றன. மூலத்தில் அவை மூத்தோரைச் சுட்டும் இயல்பான மதிப்புச் சொற்கள். இரண்டாவது, ஆங்கிலத்தில் இவ்விலங்கின் பெயரோடு பூனை என்னும் சொல் ஒட்டிவருகின்றது. தமிழிலும் புனுகுப்பூனை என்றால் பூனையும், மரநாய் என்றால் நாயும் உடன் வருகின்றன. அந்தமானில் பூனையினம் இயற்கையாக வாழ்ந்ததில்லை. நாயும் 1858க்குப் பின்னர் வந்ததே. இரு மொழிகளும் அத்தீவின் தொன்மக் கதையில் அங்கில்லாத வீட்டு விலங்கைப் புகுத்துகின்றன. மூலப்பெயரை ஒலிபெயர்த்து, ஒருமுறை விளக்குவதே தக்கது.

மூன்றாவது சிக்கல் தமிழுக்கே உரியது. 'மாயா' என்னும் மதிப்புச் சொல்லை அப்படியே எழுதினால் தமிழ் வாசகர் அதில் மாயத்தைக் காண்பர். 'மாயா மித்தே' என்னும் தொடர் மூலத்தில் மித்தே என்னும் பெரியவரைக் குறிக்கும். தமிழிலோ மந்திரப் பறவையைக் குறிப்பது போல் ஒலிக்கும். மரியாதை மாயமாகிவிடும் இவ்விபத்து, போவா பற்றிய செய்திக்கு நேர்ந்ததன் சிறுவடிவம் எனலாம். 'மித்தே ஐயன்', 'மித்தேப் பெரியவர்' போன்ற வழக்குகள் இதனைத் தவிர்க்கும்.

5. திணைத் தேர்வு

ஆங்கிலத்தில் பறவைகளும் மக்களும் பன்மையில் ஒரே பதிலிப்பெயரால் சுட்டப்படுவர். 'பறவைகள் வந்தன' என்பதா, 'வந்தார்கள்' என்பதா என ஆங்கிலம் கேட்பதில்லை. தமிழ் வினைமுற்று அதனைக் கேட்டே தீரும். மக்களை உயர்திணை என்றும் பிறவற்றை அஃறிணை என்றும் வகுத்த மொழியில், முற்றிய வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பாகின்றது.

திணை மாறுதற்குத் தமிழிலக்கணம் இடம்தராமல் இல்லை. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறலாம் என்பர் நன்னூலார். பசுவை அன்னையாகக் கூறிப் பெண்பால் வினை தருதல் உரையாளர் காட்டும் எடுத்துக்காட்டு. எனினும் இது வழுவமைதியே. வழுவெனக் கண்டு பின்னர்ப் பொறுத்துக்கொள்வதே இங்கு அமைதி. போவாவின் பறவைகளுக்கு உயர்திணை வினை தந்து, அதனை உவப்பினால் வந்த வழுவமைதி என விளக்கினாலும் 'போல' மறைமுகமாக மீண்டும் நுழைந்துவிடும்.

இதற்குத் தீர்வு இலக்கண நூலைவிட வழக்கில் தெளிவாக உள்ளது. அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்துக் காத்திருப்போர், காக்கை வந்து உண்டதும் 'அப்பா வந்துவிட்டார்' என்பர். பேசுவோர்க்கு அங்கு உருவகமும் இல்லை, மாயமும் இல்லை. காக்கை வராத நாளில் அவ்வீட்டில் உண்டாகும் கலக்கமே அதற்குச் சான்று. தென்புலத்தாரைப் பேணுதலை இல்வாழ்வானின் கடமைகளுள் ஒன்றாக வள்ளுவர் வைத்ததும் இங்கு நினைக்கத்தக்கது. முன்னோர் உயர்திணையினர், அவர் எவ்வுருவில் வரினும் வினை உயர்திணைக்குரியது. போவாவின் கூற்றைத் தமிழாக்குவோர் நெய்தற் பாடலின் நடையை விடுத்து இவ்வீட்டு வழக்கினைத் துணைக்கொள்ளலாம்.

இரு மரபுகளும் ஒன்று என்பது இதன் பொருளன்று. காக்கைக்குச் சோறிடுதல் குறித்த நாளில் நிகழும் சடங்கு. போவாவின் பேச்சு நாளும் நிகழ்ந்த உரையாடல். மேலும் பெரிய அந்தமானிய இலக்கணம் மனித உடலை அடிப்படையாகக் கொண்டது என்பதை அப்பி நிறுவியுள்ளார். உடலின் பகுதிகளைச் சார்ந்த முன்னொட்டுகள் பெயரில் மட்டுமன்றி வினையிலும் அடையிலும் பயில்கின்றன. உடலுறுப்பும் உறவும் பிரிக்கவியலாத உடைமைகளாக அங்கு அமைகின்றன. இவ்வமைப்பைத் தமிழ்த் திணை முழுவதும் ஏந்தாது. ஆயின் குறைந்த சிதைவோடு தரக்கூடிய வழக்கு தமிழில் உண்டு என்பதே இங்குக் கூறப்படுவது.

6. இழப்பின் காரணம்

மாயக்கதையின் மற்றொரு குறை, அது இழப்பை வரலாற்றிலிருந்து பிரிப்பதாகும். காதலனை இழந்த மூதாட்டியின் கதையில் காலமும் விதியுமே குற்றவாளிகள். போவா பேசத் துணையற்றுப் போனதற்கோ தேதியிட்ட காரணங்கள் உண்டு. 1858இல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டபோது சில ஆயிரவராக இருந்த பெரிய அந்தமானியர், மோதல்களாலும் மேகநோயாலும் 1877இல் பரவிய தட்டம்மையாலும் குறைந்தனர். 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். பின்னர் எஞ்சியோர் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். 2020 ஏப்ரலில் சாரே மொழியின் கடைசிப் பேச்சாளரான லிச்சோவும் மறைந்தார். 'கடைசிப் பேச்சாளர்' என்னும் பட்டம் இவ்வெண்களின் முடிவில் நிற்பது.

2004 ஆழிப்பேரலையின்போது முன்னோர் சொல் கேட்டு நிலைத்து நின்றதாகப் போவா கூறிய பதிவும் உள்ளது. முன்னோர் சொல் அவரைக் காத்தது. முன்னோர் அவர் சொல்லைக் கேட்டனர். இவ்விரண்டும் ஒரே உறவின் இரு திசைகள். முதலாவதை 'பட்டறிவு' என்றும் இரண்டாவதை 'மாயம்' என்றும் பெயரிடுவது பெயரிடுவோரின் பாகுபாடே.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. போவாவின் பறவைப் பேச்சு புலம்பலாகவோ மாயமாகவோ கொள்ளத்தக்கதன்று. அது உறவினரோடு நிகழ்ந்த உரையாடல். அதனைத் தமிழாக்குங்கால் 'போல' என்னும் உருபையும் 'மாய', 'மந்திர' என்னும் அடைகளையும் தவிர்த்தல் வேண்டும். முன்னோராகச் சுட்டப்படும் இடங்களில் பறவைக்கு உயர்திணை வினையையும், மதிப்புச் சொற்களுக்கு இயல்பான தமிழ் முறைப்பெயர்களையும் வழங்குதல் தகும்.

ஒரு விகுதி மாறுவதால் மறைந்த மொழி மீளாது. ஆயினும் 'பறவைகள் வந்தன. கிழவி பேசினாள்' என்னும் வாக்கியத்தில் போவா தனியள். 'முன்னோர் வந்தார்கள், போவா பேசினார்' என்னும் வாக்கியத்தில் அவர் தம் மக்களோடு இருக்கின்றார். இரண்டாவதே அவர் கூறியதற்கு அணியது.