சுவரில் மாட்டிய போர்வை: ஜீஸ் பெண்ட் பற்றி ஒரு முணுமுணுப்பு

2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 'தி குவில்ட்ஸ் ஆஃப் ஜீஸ் பெண்ட்' கண்காட்சி தொடங்கியது. அதே வருடம் நியூயார்க்கின் விட்னிக்கும் போனது. அலபாமாவின் ஒரு ஆற்றுவளைவுக் கிராமத்தில் கறுப்பினப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளை, பெரிய ஓவியங்களைப் போல வெள்ளைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். விமர்சகர்கள் அசந்துபோனார்கள். மத்தீஸ், பால் கிளே பெயர்களெல்லாம் வந்தன. அந்தப் பாராட்டில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. போர்வைகள் மேல் இல்லை, பாராட்டிய விதத்தின் மேல். கண்காட்சியோடு வந்த புத்தகத்தையும் குறை சொல்லமாட்டேன். அதில் தைத்த பெண்களே பேசுகிறார்கள், அவர்கள் பேச்சில் குளிரும் துணியும்தான் அதிகம்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று பக்கம் அலபாமா ஆறு. பெட்வே என்ற பண்ணை முதலாளியின் பெயரையே அங்கே அடிமையாக இருந்தவர்களின் வம்சாவளி இன்றும் சுமக்கிறது; தைத்தவர்களில் பாதிப்பேர் பெட்வேதான். வாக்குரிமைப் போராட்டக் காலத்தில், 1962-ல், ஆற்றைக் கடக்கும் படகுச் சேவையை நிறுத்திவிட்டார்கள். அது திரும்பி வர 2006 ஆனது.

நான் பொழுதுபோக்காகக் குவில்ட் தைக்கிற ஆள். (சென்னையில் எதற்கு குவில்ட் என்று கேட்பவர்களுக்கு: ஏசியைப் 18-ல் வைத்துவிட்டுப் போர்த்திக்கொள்ள.) பகல் முழுக்கத் திரையில் கோடு எழுதிவிட்டு, ராத்திரி தையல்கடை பிட்டுத் துணிகளைப் பரப்பி எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, சொன்னால் புரியாது. கடுப்பு அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். அது பெரும்பாலும் கணக்கின் கடுப்பு.

தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. சொச்சம். ஒரு வரிசையில் 12 கட்டம் என்றால் 11 தையல். ஒவ்வொரு தையலிலும் ஊசி ஒரே ஒரு மி.மீ. உள்ளே போனால் இரண்டு துண்டிலும் ஒவ்வொரு மி.மீ. போகும். வரிசை முடியும்போது 22 மி.மீ. காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையில் பெரிய கட்டங்கள், 5 தையல்தான் என்றால் அங்கே 10 மி.மீ. இரண்டு வரிசையையும் எப்படிச் சேர்ப்பது? இழுத்துப் பிடித்துத் தைக்கலாம், கிராஸாக வெட்டிய துணி கொஞ்சம் நீண்டும் கொடுக்கும். அப்புறம் அயர்ன் பாக்ஸ் வைத்ததும் அப்பளம் மாதிரி உப்பும்.

இந்தக் கணக்கு தெரிந்தவர் ஜீஸ் பெண்டின் 'ஹவுஸ்டாப்' போர்வைகளைப் பார்த்தால் வேறொன்று தெரியும். நடுவில் ஒரு துண்டு. அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை. திருப்பி, இப்போது கிடைத்த நீளத்துக்கு அடுத்த பட்டை. இப்படியே சுற்றிச் சுற்றி வெளியே வளர்கிறது. ஒவ்வொரு பட்டையும் ஏற்கனவே தைத்திருப்பதை அளந்து வெட்டப்படுகிறது, எங்கோ எழுதிவைத்த வரைபடத்தை அளந்து இல்லை. அதனால் பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அங்கேயே கரைகிறது. நம் துறை பாஷையில் சொன்னால் ஃபீட்பேக். பட்டை கோணலாக இருக்கலாம், போர்வை படுக்கையாகக் கிடக்கும். விமர்சகர்கள் இந்தக் கோணலைப் பார்த்து 'ஜாஸ் மாதிரி, மனம்போன போக்கில்' என்கிறார்கள். மனம்போன போக்கு இல்லை சார், இது ஒரு முறை. ஸ்கேலும் நேரான துணியும் இல்லாத இடத்தில் வேலை செய்கிற முறை.

கார்டுராய் போர்வைகளும் அப்படித்தான். 1966-ல் தொடங்கிய ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவுக்கு 1972-ல் சியர்ஸ் நிறுவனத்திடமிருந்து கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. மிச்சத் துணி வீடுகளுக்குப் போனது. அவகாடோ பச்சை, தங்க மஞ்சள், சிவப்பு. அந்தப் போர்வைகளின் பெரிய பெரிய நிறப்பரப்புகளை 'துணிச்சலான எளிமை' என்று கொண்டாடலாம். ஆனால் கார்டுராயைத் தைத்தவர்களுக்குத் தெரியும்: மெஷினில் இரண்டு துணியும் ஒன்றன்மேல் ஒன்று நழுவி நடக்கும், மடித்த ஓரம் தடிமனாக நிற்கும், சின்னத் துண்டாக வெட்டினால் உதிரும். பெரிதாக வெட்டச் சொல்வது துணிதான். அந்த நிபந்தனைக்குள் பச்சைக்குப் பக்கத்தில் எதை வைத்தார்கள் என்பதில்தான் அந்தப் பெண்களின் கண் இருக்கிறது. நிபந்தனையை மறைத்துவிட்டால் அவர்கள் எடுத்த முடிவும் சேர்ந்தே மறைந்துபோகிறது.

சுவரில் மாட்டும்போது போகிற இன்னொன்று, பின்பக்கம். குவில்ட் என்றால் மூன்று அடுக்கு: மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் பிடித்துவைக்கும் ஓட்டுத்தையல். மேல்துணி சேர்ப்பது இன்பம். மூன்றையும் சேர்த்துத் தைப்பது மல்யுத்தம். என்னைப் போன்றவர்களின் அலமாரியில் முடியாத மேல்துணிகள் குவிவது அதனால்தான். உலகம் முழுக்கக் குவில்ட்காரர்கள் அவற்றுக்கு யுஎஃப்ஓ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜீஸ் பெண்டில் அந்தச் சலுகை கிடையாது. குளிர்காலம் வரும், பிள்ளைகள் இருக்கிறார்கள், முடித்தே ஆகவேண்டும். அதில் எத்தனை ராத்திரி போயிருக்கும் என்பதை அந்த ஓட்டுத்தையல்தான் சொல்லும். புகைப்படங்களில் பெரும்பாலும் அதுதான் தெரிவதில்லை.

1942-ல் மிசௌரி பெட்வே தைத்த ஒன்று இருக்கிறது. இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து, அதே துணியில் தைத்தது. மகள் ஆர்லோன்சியா கூட இருந்து உதவியிருக்கிறார். வெளுத்த நீலம், சாம்பல், பழுப்பு. வெளுப்பு சீராக இல்லை; வெயில் பட்ட இடம் வேறு, மறைந்திருந்த இடம் வேறு. இதை அரூப ஓவியம் என்று படிக்க ஒரு மனிதரை முதலில் அகற்றவேண்டியிருக்கிறது. பார்த்துப் போர்த்திக்கொள்ளத் தைத்தது அது.

சுவர் நல்லதும் செய்தது, இல்லை என்று சொல்ல முடியாது. யார் தைத்தது என்ற பெயர் ஒவ்வொரு போர்வைக்கும் கீழே வந்தது. 2006-ல் பத்துப் போர்வைகள் அமெரிக்கத் தபால்தலை ஆயின. 2007-ல் பணம், உரிமை குறித்து ஊரின் மூன்று பெண்கள் சேகரிப்பாளர் தரப்பின் மேல் வழக்குப் போட்டார்கள். 2008-ல் சமரசமாகி முடிந்தது. 'கலை' என்ற பெயர் கிடைத்ததால்தான் உரிமை கேட்கவும் வழி பிறந்தது என்று வாதிடலாம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்தப் பாராட்டு பொழுதுபோக்குச் சந்தைக்குள் வந்து சேர்ந்திருக்கிற விதத்தைப் பாருங்கள். ஜீஸ் பெண்ட் பாணியில் தைக்கக் கிட் விற்கிறார்கள். புதுத்துணி, முன்பே தேர்ந்தெடுத்த நிறங்கள், கூடவே வெட்டும் அளவுகள். பட்டையின் ஒரு முனை இத்தனை அங்குலம், மறுமுனை அதைவிடக் கால் அங்குலம் குறைவு. கோணலை ஸ்கேல் வைத்து அளந்து, துல்லியமாகக் கோணலாக வெட்டவேண்டும்.