சுருக்கமும் விளக்கமும்: மதுரைத் திட்டத் தளத்தின் எளிமை – குற்றாலக் குறவஞ்சியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இணையதளத்தின் எளிமை பெரும்பாலும் அதன் தோற்றத்தைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. மதுரைத் திட்டத் தளம் வடிவமைப்பில் எளிமையை எய்தியிருப்பினும், உள்ளடக்கத்தை விளக்குவதில் அது முழுமை பெறவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மதுரைத் திட்டம், மின்பதிப்பு, ஒருங்குறி, நன்னூல், குறவஞ்சி.

முன்னுரை

நூலுக்குரிய பத்து அழகுகளைக் கூறும் நன்னூல், சுருக்கத்தையும் விளக்கத்தையும் இரு வேறு அழகுகளாக எண்ணுகிறது. குறைவுபடக் கூறுவதும் மிகைபடக் கூறுவதும் அதன் குற்றப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆகவே, சுருக்கமானது எல்லாம் தெளிவானது ஆகிவிடாது. இவ்வளவுகோல் இணையதளங்களுக்கும் பொருந்தும்.

வடிவமைப்பின் எளிமை

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பட்டது. தன்னார்வலர் உழைப்பால் இயங்கி வருவது. மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தைப் போலவே, இதுவும் அலங்காரமற்ற உரையைத் தேர்ந்தது. ஆனால் தமிழுக்கு அப்போது பொதுவானதொரு குறியேற்றம் இல்லை. தொடக்ககாலக் கோப்புகளைப் படிக்க உரிய எழுத்துருவைக் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. திஸ்கியைக் கடந்து ஒருங்குறிக்கு மாறிய பின்னரே அத்தடை நீங்கியது.

திருக்குறளை முதல் எண்ணாகக் கொண்ட நூற்பட்டியலே தளத்தின் அமைப்பு. கட்டணமில்லை; கடவுச்சொல்லும் இல்லை. செங்கோட்டையில் இருக்கும் ஒரு மாணவர், அண்மையிலுள்ள குற்றாலத்தைப் பாடிய குறவஞ்சியைப் பல்கலைக்கழக நூலகத்திற்குச் செல்லாமலே கைப்பேசியில் படிக்க இயல்கிறது. பக்கங்களைப் படிமங்களாகத் தரும் மின்னூல்கள் அளவில் பெரியவை. எழுத்தாக மாற்றப்படாதவரை அவற்றுள் சொல்லைத் தேடவும் இயலாது. இவ்வகையில் மதுரைத் திட்டத்தின் எளிமை, வாசகரின் பொருளையும் நேரத்தையும் காக்கும் அறமாகிறது.

உள்ளடக்கத்தின் எளிமை

எனினும் மூன்று இடர்ப்பாடுகளைச் சுட்ட வேண்டியுள்ளது. முதலாவது, பெயர். திரிகூடராசப்பக் கவிராயரின் இந்நூல் ‘குற்றாலக் குறவஞ்சி’ என்றும் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’ என்றும் வழங்குகிறது. அகர வரிசையில் முன்னது ககரத்திலும் பின்னது தகரத்திலும் அமையும். ஒரு வடிவத்தை மட்டுமே அறிந்தவர், நூல் அங்கில்லை எனக் கருதித் திரும்பக்கூடும்.

இரண்டாவது, சொல் தேடல். ‘குற்றாலம்’ எனத் தேடினால் ‘குற்றாலத்து’, ‘குற்றாலர்’ ஆகியன அகப்படா. ‘குற்றால’ என்ற அளவில் தேட வேண்டும். சீர் பிரிப்பிலும் புணர்ச்சியிலும் உருமாறும் சொற்களுக்கும் இதுவே நிலை. இலக்கணம் கற்றவர் இதனை ஊகிப்பார். பள்ளி மாணவர் ஊகிப்பாரா?

மூன்றாவது, மூலம். உழைத்தோரின் பெயர்களை நன்றியுடன் பதிவுசெய்யும் தொடக்ககால மின்பதிப்புகள் பலவும், எந்த அச்சுப்பதிப்பிலிருந்து பாடம் எடுக்கப்பட்டது என்பதைக் கூறுவதில்லை. பாடவேறுபாடு எழும் இடத்தில் ஆய்வாளர் மீண்டும் அச்சுநூலையே நாட நேர்கிறது. தளம் எழுதாது விட்ட ஒரு வரி, ஆய்வாளருக்குப் பல நாள் தேடலாக முடிகிறது.

விளக்கங்களைக் கூட்டினால் தளத்தின் எளிமை கெடும் எனவும், ஊதியமின்றி உழைப்போர் மீது மேலும் சுமை ஏற்றுவது முறையன்று எனவும் மறுக்கலாம். இரண்டாவது மறுப்பில் நியாயமுண்டு. அச்சுமையைத் தமிழ்த்துறைகள் பகிர்ந்துகொள்ளலாம். தம் வட்டார நூல்களுக்கான குறிப்புகளை மாணவரைக் கொண்டு தொகுத்து வழங்கலாம். முதல் மறுப்போ பொருந்தாது. மாற்றுப்பெயர், மூலப்பதிப்பு, தேடும் முறை ஆகியவற்றைக் கோப்பின் தலைப்பில் மூன்று வரிகளில் அடக்கிவிட முடியும்.

முடிவுரை

எளிமை என்பது நீக்கிக்கொண்டே செல்வதன்று. வாசகர் மேற்கொள்ள வேண்டிய உழைப்பைத் தளமே ஏற்றுக்கொள்வது. மதுரைத் திட்டம் சுருக்கம் என்னும் அழகைப் பெற்றுவிட்டது. விளக்கம் என்னும் அழகையும் அது பெறுமாயின், நூலின் பெயரை அரைகுறையாக அறிந்து வரும் வாசகரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.