உளியில் தங்கிவிட்ட அறிவு

தஞ்சாவூர் வீணை என்றால் அதை வாசித்த மேதைகள் நினைவுக்கு வருகிறார்கள். குடைந்தவர் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. 17ஆம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் காலத்தில், தண்டியில் பதித்த 24 மெட்டுகளோடு இவ்வீணை இன்றைய வடிவம் பெற்றதாக மரபு சொல்கிறது. அந்த வடிவத்தைக் காத்து வருபவர்கள் கலைக்கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். பட்டறையில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே பழகியவர்கள். இந்தப் பழக்கம்தான் இக்கலையின் பலம். குறையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முற்றிய பலா மரத்தில் வீணையின் குடத்தைக் குடையும்போது, சுவர் எவ்வளவு மெலிய வேண்டும் என்பதைத் தச்சர் விரலால் தட்டிக் கேட்டே முடிவு செய்கிறார். மரத்துக்கு மரம் வைரமும் ஈரமும் மாறுவதால், எழுதி வைத்த அளவை விடப் பழகிய காது நம்பகமானது. மெட்டுகளைப் பொருத்தும் வேலையான மேளம் கட்டுவதும் அப்படித்தான். தேன்மெழுகும் கரியும் கலந்த படுகையில் ஒவ்வொரு மெட்டையும் சுருதி கேட்டே நிறுத்துகிறார்கள். தண்டியின் நுனியில் யாளி முகம் செதுக்கும் அதே கைக்கு இசையறிவும் வேண்டியிருக்கிறது. இப்படிச் சிற்பமும் சங்கீதமும் ஒரே கையில் கூடுவது அரிது.

ஆனால் கையோடு இருக்கும் அறிவு கையோடு போய்விடும். நன்றாக ஒலித்த வீணையின் குடம் எத்தனை பருமன், மரம் எவ்வளவு காலம் உலர்ந்தது என்ற குறிப்பு பெரும்பாலும் எங்கும் இல்லை. தவறு எங்கே நேர்ந்தது என்று அடுத்த தலைமுறை திரும்பிப் பார்க்க வழியில்லை. ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைமேல் நமக்குள்ள மோகமும் ஆராயப்படாதது. அதற்குப் பெரிய மரம் வேண்டும், கழிவும் அதிகம். ஒட்டு வீணையை விட நாதம் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு ஒப்பிட்டவர்கள் குறைவு. மெழுகு வெயிலில் இளகுவதால் மேளத்தை மறுபடி மறுபடி கட்ட வேண்டும். கட்டித் தரும் தச்சர் பக்கத்தில் இல்லாமல் தஞ்சைக்கு வெளியே வாழும் கலைஞருக்கு இது தீராத தொல்லை.

2013இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊர்ப் பெயரைக் காக்கிறது. செய்தவர் பெயரை அது காக்காது. ஒவ்வொரு குடத்துக்குள்ளும் தச்சர் பெயர், மரம் வெட்டிய ஆண்டு, சுவர்ப் பருமன் ஆகிய மூன்றையும் எழுதி வைக்கலாம். காதின் தீர்ப்பை அது மாற்றப்போவதில்லை. அந்தத் தீர்ப்பை அடுத்தவரும் படித்துத் தெரிந்துகொள்ள வழி செய்யும்.