தகவலாளர் பட்டியல்

நாட்டார் வழக்காற்று ஆய்வேடு எதையும் கடைசிப் பக்கங்களிலிருந்து புரட்டிப் பாருங்கள். ‘தகவலாளர் பட்டியல்’ என்றொரு பின்னிணைப்பு இருக்கும்: பெயர், வயது, ஊர், தொழில். தாலாட்டும் ஒப்பாரியும் ஆய்வுப்பொருளானால் பட்டியலில் இருப்போர் பெரும்பாலும் பெண்கள். அட்டையில் இருப்பது ஆய்வாளரின் பெயர்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை, முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்கச் சொன்னது. காந்திநகரின் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்காவில் இன்று பல லட்சம் ஆய்வேடுகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். இதன் அருமை பெண்களுக்குத் தெரியும். ஓர் ஆய்வேட்டைப் பார்க்க வெளியூர் நூலகத்துக்குப் போவதென்றால் வழித்துணையும் தங்குமிடமும் வீட்டாரின் சம்மதமும் தேவைப்பட்ட காலம் வெகுதூரத்தில் இல்லை. ஆகவே கதவை மூடச் சொல்வது என் நோக்கமன்று. திறந்த கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதே கேள்வி.

தமிழ் ஆய்வேடுகள் பலவும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அல்லது தாளை வருடி எடுத்த வெறும் படங்கள். ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010இல்தான். அதனால் களஞ்சியத்தில் இருந்தும் தேடினால் கிடைக்காத தமிழ் நிறைய இருக்கிறது.

குண்டூர் நாட்டில் பாடல் கேட்கப் போயிருந்தபோது ஒரு மூதாட்டி கேட்டார்: “ஏம்மா, போன தடவ வந்தவங்களுக்குப் பாடிக் கொடுத்தோமே, அதெல்லாம் எங்க இருக்குது?” ‘இணையத்தில்’ என்பது உண்மையான பதில். அவருக்கு அது பதிலாகாது.

களஞ்சியத்துக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் ஆய்வாளர். பாடியவரும், பேற்றுமருந்தின் பக்குவம் சொன்னவரும், சாமை விதையைக் காத்துவைத்தவரும் அதில் இல்லை. உலகின் பல பல்கலைக்கழகங்களில், நூலாக்கவோ காப்புரிமை பெறவோ விரும்பும் ஆய்வாளர் தம் ஏட்டைச் சில காலம் மூடிவைக்கக் கோரலாம். தன் வயதும் ஊரும் மருத்துவ அறிவும் பொதுவெளியில் கிடப்பதை விரும்பாத மலையாளிப் பழங்குடிப் பெண் எவரிடம் கோருவார்?

2019இல் வெளியான ‘கேர்’ நெறிகள், பழங்குடித் தரவின்மீது அம்மக்களுக்கே அதிகாரம் உண்டென்கின்றன. நம் களஞ்சியங்களின் எதிர்காலம் அங்கிருந்து தொடங்கட்டும். ஆய்வு முழுவதும் திறந்திருக்கட்டும். தகவலாளரின் அடையாளம் அவர் விருப்பப்படி இருக்கட்டும். பெயர் வேண்டுமென்பவரைப் பின்னிணைப்பில் ஒதுக்காமல், தேடினால் கிடைக்கும்படி பாடகி என்றே பதியலாம். ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒருங்குறித் தமிழில் சுருக்கம் கட்டாயமாகட்டும். பாடலின் ஒலிப்பதிவு ஊர்ப் பள்ளிக்குத் திரும்பட்டும்.

நற்றிணையும் குறுந்தொகையும் இந்த மலையைக் கொல்லிப்பாவையால் அறியும்: பேரழகி, ஆனால் பேசாதவள். பேசுகிற பெண்களைப் பட்டியலாக்கி, நம் ஆய்வேடுகளும் அந்தப் பாவையையே மறுபடி செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை.