மீன்தொட்டிப் படத்துக்கு ரப்பர் ஹூட் போதும்

மீன்தொட்டியைப் படம் எடுப்பவர்களில் பலர் பணத்தைத் தேவையில்லாத இடத்தில் செலவழிக்கிறார்கள். மீனின் மேல் ட்யூப்லைட்டும் ஜன்னலும் எடுப்பவரின் சட்டையும் சேர்ந்து பதிந்துவிட்டால், போலரைசர் வாங்கு என்பார் ஒருவர். விலை கூடிய லென்ஸுக்கு மாறு என்பார் இன்னொருவர். இந்த வேலைக்கு அவை இரண்டையும்விடப் பொருத்தமானது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் லென்ஸ் ஹூட் என்பதே என் தீர்ப்பு. லென்ஸின் முன்பக்கத் திருகில் மாட்டி, மடிப்பை விரித்து, அதன் விளிம்பைக் கண்ணாடியில் பதிய வைத்தால் வேலை முடிந்தது. லென்ஸ் பார்க்கும் வட்டத்துக்குள் அறையின் வெளிச்சம் நுழைய அதன்பின் வழியில்லை.

இது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காற்றிலிருந்து கண்ணாடியின் மேல் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் திரும்பி வருகிறது. உட்புறத்தில், கண்ணாடியும் தண்ணீரும் சேரும் இடத்தில், அது அரை சதவீதத்துக்கும் குறைவு. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, தண்ணீருடையது 1.33, இரண்டுக்கும் வித்தியாசம் சிறியது. அதாவது தொல்லை முழுவதும் வெளிப்பரப்பில்தான் பிறக்கிறது. ஹூட் போய் உட்காருவதும் அங்கேதான். 4 சதவீதம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பகல் வெளிச்சம் விழும் ஜன்னலின் 4 சதவீதம், தொட்டியின் இருண்ட மூலையில் நிற்கும் நியான் டெட்ராவை மங்கலாக்கத் தாராளமாகப் போதும். அந்த மீனின் நீலக்கோடு நிறமியால் ஆனதல்ல. தோலுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தெரியும் நிறம். அந்த மினுமினுப்பின் மேல் ஜன்னலின் வெள்ளை படிந்துவிட்டால், மீனின் அழகு மொத்தமும் போய்விடுகிறது.

போலரைசர் கெட்ட கருவி அல்ல, இந்த இடத்துக்கு ஒத்துவராத கருவி. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, நேர்க்குத்திலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில் மட்டுமே முழுமையாகத் துருவமடைகிறது. தொட்டிக்கு நேர் எதிரே நின்றால் போலரைசரை எவ்வளவு திருகினாலும் பிரதிபலிப்பு அசையாது. சாய்ந்து நின்று எடுத்தால் பிரதிபலிப்பு போகும், கூடவே படத்தின் கூர்மையும் போகும். சாய்வாக வெளிவரும் ஒளியில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவு வளைவதால், செதில்களின் ஓரத்தில் நீலமும் செம்மஞ்சளும் கசியும். வால் துடுப்பின் நுனி இழுபட்டது போல மங்கும். எந்த விலை லென்ஸாலும் இதைத் திருத்த முடியாது, ஏனென்றால் பிழை லென்ஸில் இல்லை. போதாததற்கு, வரும் ஒளியில் பாதிக்கு மேல் போலரைசரே விழுங்கிவிடும். ஓடித்திரியும் டெட்ராவை நிறுத்திப் பிடிக்க 1/250 விநாடியாவது வேண்டியிருக்கும் இடத்தில் இது பெரிய இழப்பு.

பிரதிபலிப்பை நீக்கும் மென்பொருள்தான் வந்துவிட்டதே என்று கேட்கலாம். கடை ஜன்னலுக்கு அது உதவும். மீனில் எது உடம்பின் மினுக்கம், எது அறையின் வெளிச்சம் என்று பிரிப்பது அப்படி எளிதல்ல. பிரதிபலிப்பால் வெளுத்துப்போன இடத்தில் மென்பொருள் வைப்பது ஊகம்தான். அறை விளக்கை அணைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டினால் போதாதா என்பது இன்னும் வலுவான கேள்வி. வீட்டில் போதும், செலவும் இல்லை. கொளத்தூரில் வண்ணமீன் வாங்கி வந்து வரவேற்பறையில் வளர்ப்பவர் முதலில் அதைத்தான் செய்து பார்க்க வேண்டும். விளக்கை அணைக்க நமக்கு உரிமையில்லாத பொதுக் காட்சிசாலையில் ஹூட் தவிர வேறு வழி இல்லை.

கேமரா ஒரே இடத்தில் கட்டுண்டு போகிறது என்ற குறை ஓரளவு உண்மை. ரப்பர் வளையும் என்பதால் கொஞ்சம் திருப்பலாம். அதற்கு மேல் திருப்பினால் விளிம்பின் ஒரு பக்கம் தூக்கி, அந்தப் பிளவு வழியே வெளிச்சம் பிறைபோல உள்ளே வரும். மீனைத் துரத்தாமல், அது வந்து திரும்பும் இடத்தில் காத்திருப்பதே இதற்கேற்ற முறை.

வாங்கும்போது விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். கண்ணாடியின் மேல் சமமாகப் படியும் அளவுக்கு மென்மை வேண்டும். கடினப் பிளாஸ்டிக் ஹூட் வேண்டவே வேண்டாம்: பெரிய காட்சிசாலைகளின் சுவர் பெரும்பாலும் அக்ரிலிக், அது கண்ணாடியைவிட எளிதில் கீறும், தட்டும் அதிர்வு மீனையும் மிரட்டும். வைட் லென்ஸில் ஹூட்டை முழுவதும் விரித்தால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும், ஒரு மடிப்பு உள்ளே தள்ளிவிடுங்கள். மடிப்புகளில் சேரும் மணலை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். போன் வைத்திருப்பவர்கள் கேமராக்கள் எல்லாவற்றையும் மூடும் சிலிக்கோன் கிண்ணத்தைத் தேட வேண்டும். அருகில் போனதும் போன் தானாக வேறு லென்ஸுக்கு மாறுவதையும் நிறுத்தி வையுங்கள்.

ஒக்கினாவாவின் சுராவுமி காட்சிசாலையில் திமிங்கலச் சுறா நீந்தும் தொட்டியின் அக்ரிலிக் 60 சென்டிமீட்டர் தடிமன். அங்கேயும் நேராகப் பதித்து எடுத்தால் படம் தெளியும். சென்னை விஜிபி மரைன் கிங்டம் போன்ற இடங்களின் சுரங்கப்பாதையில் மட்டும் இந்தக் கருவி பாதிதான் உதவும்: பிரதிபலிப்பை அடைக்கும், வளைந்த சுவர் மீனின் உருவத்தைக் கோணலாக்குவதைத் தடுக்காது. அங்கே தட்டையான பலகை உள்ள தொட்டியைத் தேடிப் போவதே நல்லது.